மாப்பிள்ளை கொடுத்த வண்டி

சோழபுரம் தாண்டியதும் மீட்டர் மறுபடி நின்றுபோனது. பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் தெய்வேந்திரன் ராஜபாளையத்தில் வண்டியை எடுத்தான், ஆனால் பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல கண் அங்கேயே போனது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மங்கிப்போன கண்ணாடிக்குள், வரிசையாக நிற்கும் எண்களில் கடைசி எண் ஏழு பாதியும் எட்டு பாதியுமாக மாட்டிக்கொண்டு நின்றது. வேகம் காட்டும் முள்ளும் கூடவே படுத்துவிட்டது. மீட்டரைக் கேட்டால் வண்டி நிற்கிறது என்று சொல்லும், வெளியே புளியமரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன, வலதுபக்கம் மலை கூடவே வந்தது. பக்கத்து சீட்டில் அவன் தங்கை ஆவுடை, மடியில் துணிப்பை, பைக்குள் அம்மா சுட்டுக்கொடுத்த அதிரசம், எண்ணெய் பையில் ஊறி வட்டமாகப் படிந்திருந்தது. அவளைத் தென்காசியில் அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், இன்றைக்கு அவனுக்கு உள்ள வேலை அவ்வளவுதான், கொண்டுபோய் விட வேண்டும், காப்பி குடிக்க வேண்டும், திரும்ப வேண்டும். அந்தப் புருஷன் ராமசுப்பு கொடுத்த வண்டிதான் இது. கொடுத்த என்று அப்பாதான் சொல்லுவார், விற்ற என்று சொல்லமாட்டார், பக்கவாதத்தில் வாய் கோணியபிறகும் அந்த வார்த்தை மட்டும் அவருக்குத் திருத்தமாக வரும், மாப்பிள்ளை கொடுத்த வண்டி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஒவ்வொரு தடவையும் நல்ல கையால் டேஷ்போர்டைத் தட்டிக்கொடுப்பார், மாட்டைத் தட்டுவதுபோல. வாங்கிய மூன்றாவது மாதமே மீட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மெக்கானிக் சவரி அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத ஏற்கெனவே தொறந்திருக்காங்க சார், நம்பரப் பின்னால சுத்திருக்காங்க, அதான் பல்லு சரியாச் சேர மாட்டேங்குது" என்றான், ரொம்பச் சாதாரணமாக, மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி. யார்ட்ட வாங்குனீங்க என்று அவன் கேட்டதற்கு தெய்வேந்திரன், தெரிஞ்சவங்ககிட்ட என்றான். அந்தப் பதில் இப்போதும் வாய்க்குள் கிடக்கிறது.

உண்மையில் எவ்வளவு ஓடியிருக்கும். ஒரு மடங்கா, இரண்டு மடங்கா. சவரிக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, ராமசுப்புவுக்குத் தெரியும். எவ்வளவு ஓடியிருக்கு என்று தெரிந்தால்தான் எஞ்சினுக்குள் இருக்கிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்று சொல்லமுடியும் என்றும், பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அறுந்தா சொல்லிட்டு அறாது, ஓடுற ஓட்டத்துல எஞ்சினயும் சேத்துக் கெடுத்துட்டுத்தான் நிக்கும் என்றும் சவரி சொல்லியிருந்தான். பழைய மாடலுக்கு பெல்ட் மதுரையிலிருந்து வரவேண்டும், இன்னும் வரவில்லை. அதனால் தெய்வேந்திரன் இப்போதெல்லாம் காதால்தான் ஓட்டுகிறான். மேடு ஏறினால் ஒரு சத்தம், இறங்கினால் ஒரு சத்தம், இது நேற்று இருந்ததா, இது புதுசா. பஸ்ஸில் போகலாம் என்று காலையில் சொல்லத்தான் நினைத்தான், ஆனால் மாப்பிள்ளை கொடுத்த வண்டி வாசலில் நிற்கும்போது அவர் பெண்டாட்டியை பஸ்ஸில் ஏன் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று அப்பா கண்ணாலேயே கேட்பார், அதற்குப் பதில் சொல்லப்போனால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். எல்லாம் என்றால் என்ன. மீட்டரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியுமா. ஒரு நூலை இழுத்தால் சட்டையே கழன்று வந்துவிடும் என்ற பயம் அவனுக்கு. அப்பா விழுந்த அன்றைக்கு தென்காசியிலிருந்து அரக்கப்பரக்க வந்து நின்றது ராமசுப்புதான், டைல்ஸ் கடையைப் பூட்டிப்போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தான், அப்பாவுக்கு மூத்திரப்பை மாற்றினான், முகம் சுளிக்காமல். அதுவும் பொய் இல்லை. அதை நினைக்கும்போதுதான் மூளை கிறங்கிப்போகிறது. முழுக்கக் கெட்டவன் என்றால் ஒரு வழி இருக்கும்.

சிவகிரியில் ஆட்டுக்கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. வண்டியை நியூட்ரலில் விட்டு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே இருந்தான், அணைந்தால் திரும்பப் பிடிக்காதோ என்று. ஆவுடை ஆடுகளைப் பார்த்தாள். கண்ணாடியை இறக்குகிற கைப்பிடியைப் பிடித்திருந்த அவள் கையை அவன் பார்த்தான். முழங்கைக்கு மேலே உட்பக்கம். இப்போது அங்கே ஒன்றுமில்லை. அவள் வீட்டுக்கு வந்த அன்று இருந்தது, ஓரம் பச்சையும் நடுவில் கருநீலமுமாக, தண்ணீர் செம்பை வாங்கும்போது சேலை விலகித் தெரிந்தது. தெய்வேந்திரன் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன், காலையிலிருந்து மதியம் வரை ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் வேலை, ரத்தம் கட்டிய தோல் என்ன நிறத்தில் ஆரம்பித்து என்ன நிறத்தில் முடியும் என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பாத்ரூமில வழுக்கிட்டேன் என்றாள் அவளாகவே, அவன் கேட்பதற்கு முன்னால். வழுக்கி விழுந்தவள் கையில் நாலு விரல் எப்படிப் பதியும். அதை அவன் கேட்கவில்லை. ஐஸ் வச்சியா என்று கேட்டான். ஐஸ் வச்சியா. பதினைந்து வருஷமாக நோயாளிகளிடம் கேட்கிற கேள்வி, அது தானாக வந்தது, மற்றது வரவில்லை. அம்மா பார்த்திருப்பாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் பார்க்காமலா இருப்பாள், ஆனால் அம்மா, ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிரும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வெளிறி, கை பழைய நிறத்துக்கு வந்த மறுநாள் ராமசுப்பு போன் பண்ணினான். "என்ன மச்சான், தங்கச்சிய அங்கயே வச்சுக்கிடலாம்னு இருக்கியளா" என்று சிரித்தான். தெய்வேந்திரனும் சிரித்தான். ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரேன் மாப்பிள்ள என்றான். நாள் பார்த்துத்தான் கூப்பிட்டானோ, நிறம் போக எவ்வளவு நாளாகும் என்று அவனுக்கும் தெரியுமோ. ஆடுகள் போய்விட்டன. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இப்போது பார்த்தால் ஒன்றுமே நடக்காத கை.

வாசுதேவநல்லூர் கடந்து புளியங்குடி வரும்வரை அவன் வாக்கியங்களைச் செய்து பார்த்துக்கொண்டே வந்தான். மாப்பிள்ள, ஒரு விஷயம் கேக்கணும். இல்லை, கேக்கணும் என்றால் குரல் எழும்பிவிடும். மாப்பிள்ள, சவரி ஒண்ணு சொன்னான். அதுவும் வேண்டாம், ஊர் மெக்கானிக் பேச்சைக் கேட்டு என்னைச் சந்தேகப்படுறியளா என்பான், என்றுவிட்டுச் சிரிப்பான், தோளில் கை போடுவான், அன்றைக்கு ராத்திரி அவள் கையில் விரல் பதியும். உங்க அண்ணன் என்ன கேட்டாம் பாத்தியா. ராமசுப்பு அவளிடம் சொல்லப்போகிற அந்த வாக்கியம் மட்டும் அவனுக்கு அச்சடித்ததுபோலக் கேட்டது, அதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை. மீட்டரைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு விழும். கையைப் பற்றிக் கேட்டாலும் அவளுக்குத்தான் விழும். கேட்காவிட்டால். கேட்காவிட்டாலும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. சரி, கூட்டிக்கொண்டே போகாமல் இருந்தால், வீட்டிலேயே இரு என்று சொல்லியிருந்தால். அப்பா. அப்பாவின் நல்ல கை டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அம்மா என்ன சொல்லுவாள், தெருவில் என்ன சொல்லுவார்கள், அவன் பெண்டாட்டி சாந்தா ஒன்றும் சொல்லமாட்டாள், கூட ஒரு ஆழாக்கு அரிசி போடுவாள், அவ்வளவுதான், ஆனாலும் இருக்கிறது ஒரு ரூம். ரூம் இல்லை என்றா தங்கையைத் திருப்பி அனுப்புகிறேன். எஞ்சினில் ஒரு புதுச் சத்தம் கேட்டது, விசில்போல, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான், பிறகு பார்த்தால் ஆவுடை பக்கத்துக் கண்ணாடி இடுக்கில் காற்று.

புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் டீக்கடையில் நிறுத்தினான், எஞ்சினை அணைக்காமல். அணைக்காமல் இறங்கினால் டீக்கடைக்காரன் பார்ப்பான் என்று இறங்கவும் இல்லை, டீ வண்டிக்கே வந்தது. மூட்டை மூட்டையாக எலுமிச்சை, காற்றே புளித்தது. ஆவுடை கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதிக் குடித்தாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "மீட்டர் ஓடலயாண்ணே?" என்றாள். "கேபிள்ல ஏதோ கோளாறு" என்றான். "எப்பருந்து?" "கொஞ்ச நாளா." அவள் கிளாஸின் அடியில் கிடந்த தூளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "நான்தான் அப்பவே சொன்னேன்லா, இந்தக் கலர் வேண்டாம்னு" என்றாள். என்ன கலர் என்று ஒரு நிமிஷம் அவனுக்குப் புரியவில்லை. வண்டி வெள்ளை. வெள்ளையில் என்ன வேண்டாம். அப்புறம் நினைவு வந்தது, வண்டியை எடுத்துப்போக அவன் தென்காசிக்கு வருவதற்கு முந்தின நாள் அவள் போன் பண்ணினாள், அவன் யாருக்கோ சர்க்கரை ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தான், "அண்ணே, வெள்ள கலர் அழுக்காகும், வேற வண்டி பாரேன்" என்றாள், ரொம்ப மெல்லிய குரலில், பின்னால் டிவி சத்தம் கேட்டது, அவன் சிரித்துவிட்டு, கலர பாத்தா வண்டி வாங்க முடியும், கழுவினாப் போச்சு என்றான். அவள் சரி என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான் அவளால் சொல்லமுடிந்தது, டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் காதில் விழலாம் என்கிற தூரத்திலிருந்து அவ்வளவுதான் சொல்லமுடியும். தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது, ஒருவேளை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீட்டரைக் கழற்றினார்களோ, வீட்டு முற்றத்திலேயே. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அவள் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கக் கையை வெளியே நீட்டினாள். "ஆவுடை" என்றான். "ம்." "ஒனக்கு அங்க..." என்றான். டீக்கடைக்காரன் கிளாஸை வாங்க வந்து நின்றான், சில்லறை தேடினான், எலுமிச்சை ஏற்றிய வேன் ஒன்று பின்னாலேயே வந்து வழி கேட்டது. எல்லாம் முடிந்து ரோட்டுக்கு ஏறியபோது அவன் விட்ட இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. ஒனக்கு அங்க. அந்த இரண்டு வார்த்தையும் வண்டிக்குள்ளேயே கிடந்தன, இருவர் காலுக்கும் நடுவில்.

கடையநல்லூருக்குப் பிறகு காற்றாலைகள் தெரிந்தன. சில சுற்றின, சில சும்மா நின்றன. வெயில் மலைப்பக்கமிருந்து சாய்ந்து அவன் வலது கையில் விழுந்து எரிந்தது. அவள் தானாகவே பேச ஆரம்பித்தாள், சாந்தா மதினிக்கு ரத்தம் கம்மியா இருக்குன்னியே, முருங்கைக்கீரை குடுக்கச் சொல்லு, அப்பாவுக்கு மத்தியானம் மாத்திரை மறந்திராதீங்க, மொட்டை மாடிக் குழாய் ஒழுகுது. அவள் பேசப் பேச அவனுக்குப் பயம் கூடியது. ஊருக்குப் போகிறவள் பேசுகிற மாதிரி இல்லை அது, வீட்டை ஒப்படைக்கிற மாதிரி இருந்தது. ம், ம் என்றான். இப்போது பெல்ட் அறுந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு எண்ணம் எங்கிருந்தோ வந்தது. இங்கேயே, இந்தப் பொட்டலில், சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துபோனால், எஞ்சின் செத்துப்போனால், யார் மேலும் குற்றமில்லை, மாப்பிள்ள வண்டி நின்னுட்டு, நாங்க பஸ்ஸில திரும்பிட்டோம், அடுத்த வாரம் கூட்டிட்டு வாரேன். இத்தனை நாளாக எந்தச் சத்தத்துக்குப் பயந்தானோ அதை இப்போது காது கொடுத்துத் தேடினான். எஞ்சின் பட்டுப்போல ஓடியது. தென்காசி வந்துவிட்டது. சந்தைக்கடைகள், தேங்காய்க் குவியல், பிறகு அவள் வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் இருக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்த ரேஷன் கடை. அவன் திருப்பவில்லை. திருப்பக்கூடாது என்று முடிவு பண்ணவும் இல்லை, கை திருப்பவில்லை, கால் மிதித்துக்கொண்டிருந்தது, ரேஷன் கடை பின்னால் போயிற்று. அண்ணே, தெரு போயிட்டு என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. முருங்கைக்கீரைப் பேச்சும் நின்றுவிட்டது. துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள், வழி தெரியாத ஊருக்கு வந்தவளைப்போல. குற்றாலம் போகிற ரோடு. ஈரக்காற்று வந்தது. ஒரு வார்த்தை சொல்லு, அவன் மனம் கெஞ்சியது, போவம்ணே என்று ஒரு வார்த்தை சொல்லு, நான் எங்கே வேண்டுமானாலும் போகிறேன். அண்ணே நீ சொல்லு என்று அவளும் அதே நேரம் கெஞ்சிக்கொண்டிருந்தாளோ என்னவோ. யார் முதலில் என்று இருவரும் அப்படியே போனார்கள். அவள் போன் அடித்தது. எடுத்தாள். "ஆங்... வந்துட்டோம்... இந்தா பக்கத்துல, பெட்ரோல் போட நின்னோம்" என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய், எத்தனை நாள் பழக்கம். வைத்துவிட்டு, "திருப்புண்ணே" என்றாள். அவன் திருப்பினான்.

ராமசுப்பு வாசலிலேயே நின்றான், புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு. "வாங்க மச்சான் வாங்க, என்ன வேர்த்து ஊத்துது" என்று கதவைத் திறந்துவிட்டான். துணிப்பையை அவனே வாங்கிக்கொண்டான், அதிரசமா என்று முகர்ந்து பார்த்தான், அத்த கையே தனி என்றான். ஆவுடை படியேறி உள்ளே போனாள். ராமசுப்பு டிரைவர் பக்கம் குனிந்து உள்ளே பார்த்தான், அவன் கண் நேராக அங்கேதான் போயிற்று. "என்ன, மீட்டர் நின்னுட்டா?" இப்போது. இப்போது கேட்கவேண்டும், அவனே வாசலைத் திறந்துவிட்டான். "ஆமா மாப்பிள்ள" என்றான் தெய்வேந்திரன். "நல்லதுதான மச்சான், வண்டிக்கு வயசு ஏறாது" என்று ராமசுப்பு சொல்லிச் சிரித்து முதுகில் ஒரு தட்டு தட்டினான், கனத்த கை, விரல் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தது. தெய்வேந்திரன் சிரித்துக்கொண்டிருந்தான். அது தன் சிரிப்புதான் என்று அவனுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி கேட்டது. காப்பி வந்தது. டைல்ஸ் விலை பேசினார்கள், அப்பா உடம்பு பேசினார்கள், அடுத்த தடவை மாமாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதானால் நானும் வாரேன், தனியாத் திண்டாடாதீங்க என்றான் ராமசுப்பு, மனசாரத்தான் சொன்னான். இருட்டுமுன் போகணும் என்று தெய்வேந்திரன் எழுந்தான். வழியனுப்ப வந்த ராமசுப்புவுக்குக் கடையிலிருந்து போன் வந்தது, ஏதோ லோடு வரவில்லை என்று சத்தம்போட்டபடி முற்றத்தின் அந்தக் கோடிக்கு நடந்தான். அவன் முதுகு திரும்பியதும் ஆவுடை வண்டிக்கு வந்தாள். ஜன்னலில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்தாள், முகத்தில் அடுப்புச்சூடு. "அண்ணே, இந்த வண்டிய வித்துராத" என்றாள். "ஏத்தா?" "நான் என்னைக்காவது போன் பண்ணினா வருவேல்லா?" வருவேன் என்று தலையை ஆட்டினான். "எவ்வளவு நேரத்துல வருவ?" அவள் சும்மா கேட்கவில்லை, புருவம் சுருங்கியிருந்தது, கணக்குக் கேட்கிறவள் முகம். ராஜபாளையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம், ரோடு காலியாக இருந்தால், வண்டி வழியில் நிற்காமல் இருந்தால். "ஒரு மணி நேரத்துல வந்துருவேன்" என்றான். "ஒரு மணி நேரம்" என்று அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். கண்ணை ஒரு தரம் வீட்டுக்குள் ஓட்டினாள், நடு அறை, அடுக்களை, பின்கதவு, எங்கே எவ்வளவு நேரம் நிற்கமுடியும் என்று பார்க்கிறவளைப்போல. "சரி, அவ்வளவு நேரம் இருந்துக்கிடுவேன்" என்றாள். முற்றத்துக் கோடியில் போன் பேச்சு முடிந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.